இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியும் முதுகுத்தண்டில் போடப்படும் ஸ்டீராய்டு ஊசியும்

இடுப்பில் தொடங்கிப் பிட்டத்தின் வழியே இறங்கி, தொடையின் பின்புறமாகவோ வெளிப்புறமாகவோ ஓடி, முழங்காலையும் தாண்டிப் பாதம் வரை சுரீரென்று இழுக்கும் வலியை ஒருமுறை அனுபவித்தவர்கள், அது வழக்கமான இடுப்புப் பிடிப்பிலிருந்து வேறுபட்டது என்பதை எவரும் சொல்லாமலேயே அறிந்துகொள்வார்கள். நீண்ட நேரம் உட்கார்ந்தால் அது கூடுகிறது. இருமும்போதும் தும்மும்போதும் கால் முழுவதும் வெட்டி இழுக்கிறது. இரவில் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் தூக்கம் பிடிப்பதில்லை. சயாட்டிகா என்று பரவலாக அழைக்கப்படும் இந்த நரம்பு வலிக்கு மாத்திரையும் உடற்பயிற்சியும் போதாமல் போகும்போது, முதுகுத்தண்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்வதுண்டு. அதைக் கேட்டதும் சிலருக்குக் கால்கள் செயலிழந்துவிடுமோ என்ற அச்சம் எழுகிறது. வேறு சிலருக்கு ஒரே ஊசியில் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. இரண்டுமே அந்த ஊசியின் உண்மையான அளவைத் தாண்டியவை. அது எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் மருத்துவருடன் பேசி முடிவெடுப்பது எளிதாகும் என்பதால், இதைச் சற்று விரிவாகவே விளக்குகிறேன்.

நரம்பு வேர் ஏன் வலிக்கிறது?

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மருத்துவ அறிக்கைகளில் எல்1 முதல் எல்5 வரை என்று குறிக்கப்படுபவை இவையே. இவற்றுக்குக் கீழே இருப்பது திருவெலும்பு. அதன் முதல் பகுதியை எஸ்1 என்பார்கள். அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஒரு வட்டு இருக்கிறது. பேச்சுவழக்கில் டிஸ்க் என்றும் ஜவ்வு என்றும் சொல்லப்படும் இந்த வட்டின் வெளிப்புறம் நார்களால் ஆன உறுதியான வளையம். உட்புறம் நீர்ச்சத்து நிறைந்த கூழ் போன்ற பொருள். தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் இறங்குவதில்லை என்பது பலருக்குத் தெரியாத செய்தி. வளர்ந்தவர்களில் அது பெரும்பாலும் எல்1, எல்2 எலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரையின் வால்முடியைப் போலத் தனித்தனி நரம்பு வேர்கள் மட்டுமே தொங்குகின்றன. ஒவ்வொரு மட்டத்திலும் இடம், வலம் என ஒரு ஜோடி வேர்கள், எலும்புகளுக்கு இடையிலுள்ள சிறு துளைகள் வழியே வெளியேறிக் கால்களை நோக்கிச் செல்கின்றன.

வட்டின் வெளிவளையத்தில் கிழிசல் ஏற்பட்டு உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி வரும்போது, அருகில் செல்லும் நரம்பு வேர் பாதிக்கப்படுகிறது. எந்த வேர் பாதிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து வலி ஓடும் பாதையும் மாறுகிறது. எல்5 வேர் என்றால் காலின் வெளிப்புறமாக இறங்கிப் பாதத்தின் மேற்பரப்புக்கும் கட்டைவிரலுக்கும் வலியும் மரமரப்பும் செல்லும். எஸ்1 வேர் என்றால் கெண்டைக்காலின் பின்புறமாகக் குதிகாலுக்கும் சுண்டுவிரல் பக்கத்துக்கும் செல்லும். எல்4 என்றால் தொடையின் முன்புறம், முழங்கால், கீழ்க்காலின் உட்பக்கம் ஆகியவை வலிக்கும். வலி ஓடும் பாதையை விரலால் காட்டுங்கள் என்று மருத்துவர் கேட்பது இதனால்தான். அந்தப் பாதையும் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் பிதுக்கமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

படத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது ஆபத்தானது. முதுகுவலியே இல்லாத மனிதர்களின் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளிவந்த ஒரு கட்டுரையின்படி, 20 வயதினரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினருக்கும் வட்டுப் பிதுக்கம் இருந்தது. அவர்கள் எல்லோரும் வலியின்றி நடமாடிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே அறிக்கையில் பிதுக்கம் என்ற சொல் இருப்பதே ஊசி போடுவதற்குப் போதுமான காரணம் ஆகாது.

வட்டுப் பிதுக்கத்துக்கும் காலுக்கு இறங்கும் வலிக்கும் உள்ள தொடர்பை, வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்னும் இரு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் 1934-ல் வெளியிட்ட கட்டுரை தெளிவாக நிறுவியது. அதன்பின் பல பத்தாண்டுகள், பிதுங்கிய வட்டு நரம்பை நசுக்குவதால்தான் வலி என்ற எண்ணமே மேலோங்கி இருந்தது. ஆனால் அந்த விளக்கம் முழுமையாக இல்லை. நல்ல நிலையிலுள்ள நரம்பை அழுத்தினால் அது பெரும்பாலும் மரத்துப்போகிறதே தவிர இவ்வளவு கடுமையாக வலிப்பதில்லை. காலை மடக்கி நெடுநேரம் உட்கார்ந்து எழும்போது நேர்வதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். படத்தில் பெரிய பிதுக்கம் உள்ளவருக்கு வலி குறைவாகவும், சிறிய பிதுக்கம் உள்ளவருக்குத் தாங்க முடியாத வலியாகவும் இருப்பதற்கும் அழுத்தம் மட்டும் விடை சொல்லவில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பன்றிகளில் செய்த சோதனைகள் இந்தப் புதிரை அவிழ்க்க உதவின. வட்டின் உட்கூழை எந்த அழுத்தமும் இல்லாமல் நரம்பு வேரின் மேல் வைத்தாலே அந்த வேரின் கடத்தும் திறன் குறைவதை அவர்கள் கண்டார்கள். அந்தக் கூழிலிருந்தும் அதைச் சூழ்ந்து சேரும் உயிரணுக்களிலிருந்தும் வெளிப்படும் பாஸ்போலிபேஸ் ஏ2, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற பொருள்கள் நரம்பு வேரில் அழற்சியை உண்டாக்குகின்றன. அழற்சியுற்ற வேர் வீங்கி, சாதாரண அசைவுக்கும் வலிச் செய்தி அனுப்பும் அளவுக்கு மிகைக் கூச்சம் கொண்டதாகிவிடுகிறது.

எனவே இந்த வலிக்குப் பின்னால் இரண்டு காரணங்கள் இருக்கின்றன: ஒன்று இடநெருக்கடி, மற்றொன்று அழற்சி. ஸ்டீராய்டு ஊசி இரண்டாவதன் மீது மட்டுமே வேலை செய்கிறது. பிதுங்கிய வட்டை அது உள்ளே தள்ளுவதில்லை. தேய்ந்த எலும்பை வளர்ப்பதில்லை. குறுகிய கால்வாயை அகலப்படுத்துவதுமில்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், யாருக்கு இந்த ஊசி பலன் தரும், யாருக்குத் தராது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மருந்தும் அது சென்று சேரும் இடமும்

இங்கே பேசப்படும் ஸ்டீராய்டு, தசையைப் பெருக்க விளையாட்டு வீரர்கள் சிலர் பயன்படுத்தும் மருந்திலிருந்து முற்றிலும் வேறான வகை. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் இயல்பாகச் சுரக்கும் கார்ட்டிசால் என்னும் இயக்குநீரை ஒத்த மருந்துகள் இவை. இவ்வகையைச் சேர்ந்த கார்ட்டிசோன் என்னும் மருந்து முதன்முதலாக 1948-ல் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது; அட்ரீனல் சுரப்பியின் இயக்குநீர்களைப் பற்றிய ஆய்வுக்காக பிலிப் ஹென்ச், எட்வர்டு கெண்டல், தாடேயுஷ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, ஐரோப்பிய மருத்துவர்கள் இதே வகை மருந்தை நரம்பு வேர்களுக்கு அருகில் செலுத்தத் தொடங்கிவிட்டார்கள். முதுகெலும்பின் அடிப்பகுதி வழியாக மருந்து செலுத்தும் முறை அதைவிடப் பழையது. 1901-ல் பாரிஸில் சிக்கார், கத்லேன் என்னும் இரு மருத்துவர்கள் தனித்தனியே அதை விவரித்தார்கள். அன்று அவர்கள் செலுத்தியது கோகெயின்.

மருந்து சென்று சேரும் இடத்துக்கு எபிடியூரல் வெளி என்று பெயர். தண்டுவடத்தையும் நரம்பு வேர்களையும் அவற்றைச் சுற்றியுள்ள நீரையும் ஒரு தடித்த உறை பொதிந்து வைத்திருக்கிறது. அந்த உறைக்கும் எலும்பாலான கால்வாயின் சுவருக்கும் இடையே, கொழுப்பும் மெல்லிய இரத்த நாளங்களும் கொண்ட குறுகிய இடைவெளி ஒன்று உண்டு. ஊசிமுனை நிற்க வேண்டியது அங்கேதான். உறையைத் துளைத்து உள்ளே செல்லக் கூடாது. தண்டுவடத்திலேயே ஊசி போடுகிறார்கள் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. இடுப்புப் பகுதியில் பெரும்பாலான ஊசிகள் தண்டுவடம் முடிந்துவிட்ட இடத்துக்குக் கீழேதான் போடப்படுகின்றன என்பதை அவர்கள் அறிந்தால் அச்சம் ஓரளவு தணியும்.

மாத்திரையாக விழுங்கினால் போதாதா என்று கேட்பது நியாயமானது. வட்டுப் பிதுக்கத்தால் வந்த புதிய சயாட்டிகா உள்ள 269 பேரிடம் நடத்தப்பட்டு 2015-ல் வெளியான ஆய்வில், 15 நாள் கொடுக்கப்பட்ட பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை அன்றாடச் செயல்பாட்டைச் சற்று மேம்படுத்தியது. வலியைக் குறைப்பதில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலானதாக இல்லை. ஊசியின் நோக்கம், உடல் முழுவதும் மருந்தைப் பரப்பாமல், அழற்சி உள்ள வேரின் அருகிலேயே அதை அடர்த்தியாகச் சேர்ப்பது.

மெத்தில்பிரெட்னிசலோன், டிரையாம்சினலோன், பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன் ஆகியவை வழக்கமாகப் பயன்படும் மருந்துகள். இவற்றில் முதலிரண்டும் நீரில் முழுமையாகக் கரையாமல் நுண்துகள்களாக மிதப்பவை. டெக்சாமெத்தசோன் தெளிந்த கரைசல். இந்த வேறுபாடு சாதாரணமாகத் தோன்றினாலும் பாதுகாப்பைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. அதைப் பின்னர் விளக்குகிறேன். ஸ்டீராய்டுடன் லிடோகெயின் அல்லது பியூபிவகெயின் போன்ற மரப்பு மருந்தும் சிறிதளவு கலக்கப்படுவதுண்டு.

மூன்று வழிகள்

எபிடியூரல் வெளியை அடைய மூன்று பாதைகள் இருக்கின்றன. முதுகின் நடுவில், இரண்டு முள்ளெலும்புகளின் பின்புறத் தகடுகளுக்கு இடையே நுழைவது ஒன்று. இதில் மருந்து இரு பக்கமும் பரவ வாய்ப்புண்டு. ஆனால் அது உறையின் பின்புறத்தில் சேர்கிறது, அழற்சியோ பெரும்பாலும் முன்புறத்தில் இருக்கிறது. இரண்டாவது, வால் எலும்புக்குச் சற்று மேலே திருவெலும்பின் முனையிலுள்ள இயற்கையான திறப்பு வழியாக நுழைவது. உறையைத் துளைக்கும் வாய்ப்பு இதில் மிகக் குறைவு என்பதாலும், முன்பு முதுகில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வடுத்திசுவைத் தவிர்க்க முடியும் என்பதாலும் இதைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் மருந்து நெடுந்தொலைவு மேலேற வேண்டியிருப்பதால் அதிக அளவு திரவம் தேவைப்படுகிறது. மூன்றாவது, நரம்பு வேர் வெளியேறும் பக்கத்துளையை நோக்கிச் சாய்வாக ஊசியைச் செலுத்துவது. குறிப்பிட்ட வேருக்கு மிக அருகில், வட்டும் நரம்பும் உரசும் முன்பகுதியிலேயே மருந்தைச் சேர்க்க முடிவது இதன் சிறப்பு. ஒரு காலில் மட்டும், ஒரே வேரின் பாதையில் வலி ஓடும் நோயாளிக்கு இந்த மூன்றாவது வழியே பொருத்தமானது என்பது பல மருத்துவர்களின் கருத்து. என் பார்வையிலும் காரணத்தோடு ஒட்டிய தேர்வு அதுதான். ஆனால் அந்தத் துளை வழியாகத்தான் தண்டுவடத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் சிறு தமனிகளும் நுழைகின்றன என்பதால், அதிகத் துல்லியமும் கவனமும் வேண்டிய வழியும் அதுவே.

ஊசி போடும் நாள்

நோயாளி குப்புறப் படுக்க வைக்கப்படுகிறார். வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் எலும்புகளின் இடைவெளி சற்று விரியும். தோல் கிருமிநாசினியால் துடைக்கப்பட்டு, மேல்தோலில் மரப்பு ஊசி போடப்படுகிறது. பலருக்கு இந்த முதல் எரிச்சல்தான் முழுச் செயல்முறையிலும் அதிகம் நினைவில் நிற்பது. பிறகு, தொடர்ச்சியாகப் படம் காட்டும் எக்ஸ்ரே கருவியின் துணையுடன் மருத்துவர் ஊசியை மெல்ல முன்னேற்றுகிறார். சரியான இடத்தை அடைந்துவிட்டதாகத் தோன்றியதும், எக்ஸ்ரேயில் தெரியும் சாயத் திரவத்தைச் சில துளிகள் செலுத்திப் பார்க்கிறார். சாயம் நரம்பு வேரை ஒட்டி ஓடினால் இடம் சரியானது. சட்டென்று கழுவிச் செல்லப்படுவதுபோல் மறைந்தால் ஊசிமுனை இரத்தக் குழாய்க்குள் இருக்கிறது என்று பொருள், அதை நகர்த்தியே ஆக வேண்டும். படத்தின் துணையின்றி, கைப்பழக்கத்தை மட்டும் நம்பிப் போடப்படும் ஊசிகளில் கணிசமானவை தவறான இடத்தில் போய்ச் சேர்கின்றன. ஆகையால் எக்ஸ்ரே வழிகாட்டுதல் உண்டா, சாயம் செலுத்திப் பார்ப்பீர்களா என்று நோயாளி முன்கூட்டியே கேட்பதில் எந்தத் தயக்கமும் தேவையில்லை.

மருந்து உள்ளே செல்லும்போது காலில் ஓர் அழுத்தமோ, வழக்கமான வலியே சில நொடிகள் கூடுவதுபோன்ற உணர்வோ வரலாம். வெட்டி இழுக்கும் கூர்மையான வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும். ஊசி நரம்பைத் தொடுகிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். நோயாளியை ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தாமல் விழிப்போடு வைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். முழுச் செயல்முறையும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சிறிது நேரக் கண்காணிப்புக்குப் பிறகு அன்றே வீடு திரும்பலாம். மரப்பு மருந்தின் விளைவாகக் கால் சில மணி நேரம் தளர்ந்திருக்கக்கூடும் என்பதால், உடன் ஒருவர் வருவதும் அன்று வண்டி ஓட்டாமல் இருப்பதும் அவசியம்.

எவ்வளவு பலன், எவ்வளவு காலம்?

நோயாளிகளிடம் நேர்மையாகப் பேசப்பட வேண்டிய பகுதி இது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட மதிப்பாய்வு, 2,470 பேர் பங்கேற்ற 25 ஆய்வுகளை ஆராய்ந்தது. 0 முதல் 100 வரையிலான அளவுகோலில், ஸ்டீராய்டு ஊசி பெற்றவர்களின் கால்வலி குறுகிய காலத்தில், வெற்று ஊசி பெற்றவர்களைவிடச் சராசரியாக 5 புள்ளிகள் அளவுக்கே குறைவாக இருந்தது. நோயாளி ஒருவர் உணர்ந்து மகிழும் அளவுக்கு அது பெரிய வேறுபாடு இல்லை.

ஆனால் சராசரி என்பது பல கதைகளைக் கலந்து ஒரே எண்ணாக்கிவிடும். பக்கத்துளை வழியாகச் செலுத்தும் முறையை 150 நோயாளிகளிடம் சோதித்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வு, சராசரிக்குப் பதிலாக வேறொரு கேள்வியைக் கேட்டது: ஒரு மாதத்துக்குப் பின் வலி பாதியாவது குறைந்தவர்கள் எத்தனை பேர்? ஸ்டீராய்டு பெற்றவர்களில் 54 விழுக்காட்டினர். அதே இடத்தில் மரப்பு மருந்து மட்டும் பெற்றவர்களில் 7 விழுக்காட்டினர். உப்புநீர் பெற்றவர்களில் 19 விழுக்காட்டினர். அதாவது சிலருக்கு மிக நல்ல பலன் கிடைக்கிறது, சிலருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சிறு பலன் என்று தோன்றுகிறது. அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டியே கணிப்பதில்தான் மருத்துவரின் திறமை இருக்கிறது.

அதற்குச் சில வழிகாட்டிகள் உண்டு. இடுப்புவலியைவிடக் கால்வலி மேலோங்கி இருப்பது, வலி தொடங்கிச் சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ மட்டுமே ஆகியிருப்பது, படத்தில் தெரியும் பிதுக்கம் வலியின் பாதையோடு பொருந்துவது ஆகியவை நல்ல அறிகுறிகள். இடுப்பில் மட்டும் வலி உள்ளவருக்கு, நரம்பு வேரில் அழற்சி இல்லாதபோது, இந்த ஊசிக்கு வேலையே இல்லை. வயது கூடக் கூட எலும்பும் தசைநாரும் தடித்து நரம்புக் கால்வாய் குறுகிவிடுவதால் வரும் வலியிலும் பலன் குறைவு. அத்தகைய 400 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆறு வாரங்களுக்குப் பின் ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் சேர்ந்த ஊசிக்கும் மரப்பு மருந்து மட்டும் கொண்ட ஊசிக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே திசையில்தான் செல்கிறது: புதிதாக வந்த கடுமையான சயாட்டிகாவுக்கு ஊசியைப் பரிசீலிக்கலாம், கால்வாய் குறுகியதால் நடக்கும்போது வரும் கால்வலிக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். 2025-ல் பி.எம்.ஜே. என்னும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த பரிந்துரை இன்னும் கடுமையானது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் முதுகெலும்பு வலிக்கு, அது காலுக்கு இறங்குவதாக இருந்தாலும், இத்தகைய ஊசிகளைத் தவிர்க்குமாறு அது சொல்கிறது. ஊசிச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களின் சங்கங்கள் அதை எதிர்த்திருக்கின்றன. நீடித்த வலிக்கு ஊசி பரிந்துரைக்கப்படும் ஒருவர், இந்தக் கருத்து வேறுபாடு இருப்பதை அறிந்தே சம்மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பலன் கிடைப்பவர்களுக்கும் அது நிரந்தரமானதில்லை. சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நீடிக்கலாம். அப்படியானால் எதற்காகப் போட வேண்டும்? இதற்கான விடை நோயின் இயல்பிலேயே இருக்கிறது. வட்டுப் பிதுக்கத்தால் வரும் கால்வலி, பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தானாகவே கணிசமாகக் குறைகிறது. வெளியே வந்த கூழை உடலின் எதிர்ப்பு உயிரணுக்கள் சிறிது சிறிதாக அரித்து உறிஞ்சிக்கொள்கின்றன. முழுவதும் பிய்ந்து வெளியே கிடக்கும் பெரிய துண்டுகள், சிறு பிதுக்கங்களைவிட அதிகமாகச் சுருங்குகின்றன என்பது படங்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட வியப்பூட்டும் உண்மை. இந்த இயற்கையான குணமாதலுக்குக் காலம் தேவை. அந்தக் காலத்தைத் தூக்கமில்லாமல், நடக்க முடியாமல், வலிமாத்திரைகளை மேலும் மேலும் விழுங்கிக் கழிக்காமல் இருக்க உதவுவதே ஊசியின் பணி. வலி தணிந்திருக்கும் வாரங்களில் நடப்பதும் இடுப்பு, வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சிகளைத் தொடங்குவதும்தான் அந்த இடைவெளிக்குப் பொருள் தருகின்றன. ஊசி போட்டுக்கொண்டு படுத்தே இருப்பவருக்கு மருந்தின் பலன் தீர்ந்தபின் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

தீங்குகள்

சிறிய தொல்லைகள் அடிக்கடி வருபவை: ஊசி போட்ட இடத்தில் ஓரிரு நாள் வலி, முகம் சிவந்து சூடாவது, ஒன்றிரண்டு இரவுகள் தூக்கமின்மை. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை அளவு சில நாள்கள், சில வேளை ஒரு வாரத்துக்கு மேலும் உயர்ந்திருக்கும். எனவே அந்த நாள்களில் அடிக்கடி சோதித்துப் பார்ப்பதும் மருந்தளவை மாற்றுவது குறித்து முன்பே கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது. ஊசி தவறுதலாக உறையைத் துளைத்துவிட்டால், எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி வரும். பெரும்பாலும் அது தானாகவே சரியாகிவிடும், சரியாகாவிட்டால் அதற்கும் சிகிச்சை உண்டு.

பெரிய தீங்குகள் மிக அரிதானவை, ஆனால் அவற்றை மறைக்கக் கூடாது. கால்வாய்க்குள் இரத்தக் கட்டு உருவாகி நரம்புகளை அழுத்தலாம். கிருமித்தொற்று ஏற்பட்டுச் சீழ் கட்டலாம். நுண்துகள் கொண்ட ஸ்டீராய்டு தவறுதலாகத் தமனிக்குள் சென்றால், துகள்கள் அடைப்பாகித் தண்டுவடத்துக்குச் செல்லும் இரத்தத்தைத் தடுத்துக் கால்களைச் செயலிழக்கச் செய்யலாம். பக்கத்துளை வழியாகச் செலுத்தும்போது, துகள்கள் இல்லாத டெக்சாமெத்தசோனை முதலில் பயன்படுத்த வேண்டும் என்று வல்லுநர் குழுக்கள் அறிவுறுத்துவது இதனால்தான். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2014-ல், எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசிகளால் அரிதாகப் பார்வையிழப்பு, பக்கவாதம், கால்கள் செயலிழத்தல், மரணம் ஆகியவை நேரலாம் என்று எச்சரித்ததோடு, இந்த வகைப் பயன்பாட்டுக்கு ஸ்டீராய்டு மருந்துகளுக்குத் தான் ஒப்புதல் அளிக்கவில்லை என்பதையும் நினைவூட்டியது. 2012-ல் அதே நாட்டில், பூஞ்சை கலந்துவிட்ட மெத்தில்பிரெட்னிசலோன் ஊசிகளால் 750-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குறை ஊசி போட்ட முறையில் இருக்கவில்லை. மருந்து தயாரிக்கப்பட்ட இடத்தின் தூய்மைக் கேட்டில் இருந்தது.

ஆகவே, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற மருந்துகளை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அவற்றைத் தாமாக நிறுத்துவதும் கூடாது, அந்த மருந்தை எழுதித் தந்த மருத்துவரின் ஒப்புதல் தேவை. உடலில் எங்கேனும் கிருமித்தொற்று இருப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், கருவுற்றிருப்பவர்கள், சாயத்துக்கோ மரப்பு மருந்துக்கோ ஒவ்வாமை உள்ளவர்கள் ஆகியோரும் அதைத் தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. சிகிச்சையில் பயன்படும் ரிட்டோனவிர், கோபிசிஸ்டாட் ஆகியவை, செலுத்தப்பட்ட ஸ்டீராய்டு, குறிப்பாக டிரையாம்சினலோன், உடலிலிருந்து வெளியேறுவதைத் தடுத்துப் பல வாரங்களுக்குத் தொல்லை தரக்கூடியவை என்பதைப் பலர் அறிவதில்லை.

ஊசியைப் பற்றிய பேச்சே கூடாத நிலை ஒன்றும் இருக்கிறது. பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றிய பகுதி, அதாவது மிதிவண்டி இருக்கையில் படும் இடம், மரத்துப்போவது; சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது தெரியாமலேயே கசிவது; மலத்தை அடக்க முடியாமல் போவது; இரண்டு கால்களும் வேகமாகப் பலவீனமடைவது ஆகியவற்றில் எது வந்தாலும் அது அவசர நிலை. நரம்பு வேர்க் கற்றை முழுவதும் நசுங்குகிறது என்று அதற்குப் பொருள்; உடனே மருத்துவமனைக்குச் சென்று, தேவையானால் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள வேண்டும். நாளுக்கு நாள் பாதத்தைத் தூக்க முடியாமல் தளர்ந்துகொண்டே போவதும் அறுவை மருத்துவரைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டிய அறிகுறி. ஊசி போட்ட பிறகு காய்ச்சல், கழுத்து விறைப்பு, கூடிக்கொண்டே போகும் முதுகுவலி, புதிய பலவீனம் ஆகியவை வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

ஊசிக்குப் பின்

மரப்பு மருந்தின் பலன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்குவதற்கு இரண்டு முதல் ஏழு நாள்கள் ஆகலாம். இடைப்பட்ட நாள்களில் பழைய வலி திரும்பி வருவதைக் கண்டு, ஊசி பயனற்றுப் போய்விட்டது என்று பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். இரண்டு வாரங்கள் கடந்தபின் மதிப்பிடுவதே சரியானது. மூன்று ஊசிகளைத் தொடர்ச்சியாகப் போட்டே ஆக வேண்டும் என்ற பழைய வழக்கத்துக்கு ஆதாரம் இல்லை. முதல் ஊசி நல்ல பலன் தந்து, பிறகு வலி மீண்டால் இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம். ஓராண்டில் மூன்று அல்லது நான்குக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான நடைமுறை. முதலாவது சிறிதும் பயன்படாதபோது அதையே திரும்பப் போடுவதைவிட, வலியின் காரணத்தைச் சரியாகத்தான் கணித்தோமா என்று மறுபடி ஆராய்வது அறிவுடையது.

அதற்கு உதவும் எளிய வேலை ஒன்றை நோயாளியே செய்யலாம். ஊசி போடுவதற்கு முன் கால்வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண்ணும் இடுப்புவலிக்குத் தனியாக ஒன்றும் கொடுத்து, நிற்காமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட முதல் சில மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு இரண்டு வாரம் வரை நாள்தோறும் ஒருமுறை அதே குறிப்பை எழுத வேண்டும். முதல் சில மணி நேரக் குறிப்புதான் இவற்றில் மிகவும் மதிப்புடையது. பக்கத்துளை வழியாக ஒரு வேருக்கு மட்டும் மருந்து செலுத்தப்பட்டு, மரப்பு மருந்து வேலை செய்த அந்த நேரத்தில் கால்வலி முழுவதும் மறைந்திருந்தால், வலிக்குக் காரணம் அந்த வேராகத்தான் இருக்க வேண்டும் என்பதற்கு அது வலுவான சான்று. பின்னால் ஸ்டீராய்டு கைவிட்டாலும், எந்த மட்டத்தில் அறுவை செய்வது என்று முடிவெடுக்க வேண்டிய மருத்துவருக்கு, எம்.ஆர்.ஐ. படத்தோடு சேர்த்துப் பார்க்க அந்தக் குறிப்பு தேவைப்படும்.